உரிய வேளையில் வந்த தாய்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் செவ்வந்திநாதருக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் அமைந்த வரலாறு தமிழ் மக்கள் நன்கறிந்தது. வணிகர் குலப் பெண்ணான இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியது. பூம்புகாரிலிருந்து அவளுடைய தாய் மருந்தும் பண்டங்களும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். இடையில் காவிரி பெருகி ஓடியது. தாயால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. மகளுக்கோ வலி கண்டுவிட்டது. அவள் இறைவனை நினைந்து அழுதாள். இறைவன் தாயின் உருவிலேயே வந்து, அருகிருந்து பேறு பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்வரை உடனிருந்து தாயையும் சேயையும் பேணினார். இன்றும் கருவுற்ற பெண்கள் சுகப்பிரசவம் வேண்டி அச்சந்நிதியில் வாழைத்தார் நேர்ந்துகொள்கின்றனர்.

இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரத்தினாவதியின் தாயிடம் அன்புக்குக் குறைவில்லை, மருந்துக்கும் குறைவில்லை. அவள் உரிய வேளையில் வந்து சேர இயலவில்லை, அதுவே குறை. இறைவன் அக்குறையையே நிறைவு செய்தார். வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், வேண்டிய உதவியாக நின்றார். பேறுகாலத்தில் ஒரு பெண்ணுக்குச் செய்யும் தொண்டின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

மூன்று தாமதங்கள்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், தமிழக எல்லையைக் கடந்தவுடன் வரும் ஊர் தடா. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பகுதி இது. கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரியின் நடுவே உள்ள இருக்கம் போன்ற தீவுகளின் மக்கள் நெடுங்காலமாகப் படகையே நம்பி வாழ்ந்தவர்கள். அங்கே ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் வலி கண்டால், அவளுக்கும் மருத்துவருக்கும் இடையே இருப்பது காவிரி வெள்ளம் அன்று, ஏரி நீர். ஆயினும் இரத்தினாவதியின் நிலையும் அவளுடைய நிலையும் ஒன்றுதான்.

பேறுகால மரணங்களை ஆராய்ந்த ததியஸ், மெய்ன் என்னும் இரு அறிஞர்கள் 1994ஆம் ஆண்டில் ஒரு கருத்தைத் தெளிவுபடுத்தினர். இத்தகைய மரணங்களுக்குப் பின்னே மூன்று தாமதங்கள் உள்ளன என்பது அவர்கள் கண்ட முடிவு. உதவி தேவை என்று வீட்டில் தீர்மானிப்பதில் ஏற்படும் தாமதம் முதலாவது. மருத்துவமனையைச் சென்றடைவதில் ஏற்படும் தாமதம் இரண்டாவது. சென்றடைந்த பின்னும் தக்க சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது.

இந்தியாவில் இத்துறையில் பெரும் முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது. 2018 முதல் 2020 வரையான கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது நாடு முழுவதிலும் உயிரிழந்த தாய்மார் 97 பேர். ஆந்திரத்தில் 45 பேர். தமிழகத்தில் 54 பேர். முந்தைய தலைமுறைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய சாதனை. எனினும் எஞ்சியுள்ள மரணங்களில் பெரும்பாலானவையும் தவிர்க்கக் கூடியவையே. அவற்றைத் தவிர்க்கும் பொறுப்பில் மருத்துவமனைக்கு ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

கருவுற்ற மாதங்கள்

பாகவதத்தில் வரும் பிரகலாதனின் வரலாறு, கருவிலிருக்கும் குழந்தை நற்சொற்களைக் கேட்டு வளர்ந்ததற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. அதில் பலரும் கவனியாமல் விடுவது ஒன்று. கணவன் தவத்திற்குச் சென்றிருந்த வேளையில், கருவுற்றிருந்த கயாதுவை இந்திரன் பற்றிச் சென்றான். நாரதர் குறுக்கிட்டு அவளை மீட்டார். தம் ஆசிரமத்திற்கு அழைத்துச் சென்று, அச்சமின்றித் தங்கியிருக்க இடம் தந்தார். உபதேசம் அதற்குப் பின்னரே வந்தது. கருவுற்றவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. மற்றவை அதன் மேல் கட்டப்படுபவை.

இக்காலத்தில் அப்பாதுகாப்பு மருத்துவப் பரிசோதனையில் தொடங்குகிறது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் பெயரைப் பதிவு செய்து, தாய் சேய் நல அட்டையைப் பெற வேண்டும். நான்கு முறையேனும் பரிசோதனைக்குச் செல்வது இன்றியமையாதது. எட்டு முறை செல்வது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவுறுத்தியது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதியன்று அரசு மருத்துவமனைகளில் கருவுற்றோருக்குச் சிறப்புப் பரிசோதனை நடத்தும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, சிறுநீர், சர்க்கரை ஆகியவை பார்க்கப்படுகின்றன. இரணஜன்னித் தடுப்பூசியும் போடப்படுகிறது.

இவற்றுள் தனிக் கவனம் பெற வேண்டியது இரத்தசோகை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. 7க்கும் கீழே இறங்கினால் கடுமையானது. அவ்வாறான பெண்ணின் உடல், பிரசவத்தில் பிறர் எளிதில் தாங்கும் உதிர இழப்பைக்கூடத் தாங்காது.

நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும் ஒன்று வீதம் 180 நாள்கள் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை தரப்படுகிறது. பிள்ளை பிறந்த பின்னும் 180 நாள்கள் அதைத் தொடர வேண்டும். மலம் கருத்துப் போகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று பலர் இடையிலேயே நிறுத்திவிடுகின்றனர். மலம் கருப்பது இயல்பு; அஞ்சத் தேவையில்லை. குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். காப்பி, தேநீரோடு சேர்த்து விழுங்கினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் வேறு வேளையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உணவைப் பற்றிய தவறான எண்ணங்களும் உண்டு. குறைவாகச் சாப்பிட்டால் குழந்தை சிறியதாக இருந்து எளிதில் பிறக்கும் என்பது அவற்றுள் தீங்கானது. எடை குறைந்து பிறக்கும் குழந்தையே நோய்க்கு எளிதில் இரையாகிறது. குங்குமப்பூவை விலைகொடுத்து வாங்கிக் குழந்தையின் நிறத்தை மாற்ற முயல்வதைவிட, அதே பணத்தில் கீரை, பருப்பு, பால், பழம் முதலியவற்றைத் தாய்க்குக் கொடுப்பது அறிவுடைமை. வீட்டில் எல்லாரும் உண்ட பின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தை, இந்த மாதங்களிலாவது மருமகளிடமிருந்து விலக்குவது மாமியாரின் கடமை.

முதல் தாமதம்: தீர்மானம்

1890களில் ஒருநாள் இரவு, திண்டிவனத்தில் ஓர் அமெரிக்க மருத்துவரின் வீட்டு வாயிலில் மூன்று ஆடவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றனர். மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவர் உடன்வர முன்வந்தார். ஆனால், ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அம்மூவருமே இசையவில்லை. அவருடைய மகள் வரவேண்டும் என்றனர். மகளோ மருத்துவம் பயிலாதவர். மறுநாள் காலை அம்மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அந்த மகளே ஐடா ஸ்கட்டர். அவ்விரவு தம் வாழ்க்கையின் திசையை மாற்றியதாக அவர் பின்னாளில் கூறினார். மருத்துவம் பயின்று 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். சித்தூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் இன்று மக்கள் நாடிச் செல்லும் பெரிய மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே.

அன்று அம்மூவர் வீடுகளிலும் அன்பு இல்லாமல் இல்லை. நள்ளிரவில் உதவி தேடி ஓடி வந்தவர்கள் அவர்கள். மருத்துவரும் அருகிலேயே இருந்தார். உயிரா வழக்கமா என்ற கேள்வி எழுந்தபோது வழக்கத்தின் பக்கம் மனம் சாய்ந்தது; அதுவே முதல் தாமதம். ஆண் மருத்துவர் பற்றிய தயக்கம் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. எனினும், ‘பெரியவர் வரட்டும்’, ‘இராகுகாலம் கழியட்டும்’, ‘விடிந்ததும் பார்க்கலாம்’, ‘முதல் பிள்ளை வீட்டில்தானே பிறந்தது’ என்னும் சொற்களாக அது வேறு உருவில் வாழ்கிறது.

ஆகையால், எந்த அறிகுறிகளைக் கண்டால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் புறப்பட வேண்டும் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அவை வருமாறு: எந்த மாதத்திலாயினும் உதிரப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, கடும் காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல், வலி தொடங்கும் முன்பே பனிக்குடம் உடைதல், தாளாத வயிற்றுவலி, மூச்சுத் திணறல். தலைவலியும் வீக்கமும் சேர்ந்து வருவது உயர் இரத்த அழுத்தத்தின் அடையாளமாக இருக்கலாம். அது வலிப்பாக மாறினால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

இரண்டாம் தாமதம்: வழி

பிரசவத்திற்குப் பின் ஏற்படும் பெரும் உதிரப்போக்கு, முழு ஆரோக்கியமுள்ள பெண்ணையும் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். வலி கண்ட பின் வண்டி தேடுவதும், பணம் புரட்டுவதும், எந்த மருத்துவமனை என்று விவாதிப்பதும் அந்த நேரத்தையே விழுங்குகின்றன. 108 என்ற எண்ணில் அழைக்கக்கூடிய ஆம்புலன்ஸ் சேவை ஆந்திரத்தில் 2005ஆம் ஆண்டிலும் தமிழகத்தில் 2008ஆம் ஆண்டிலும் தொடங்கியது. வண்டி சாலை உள்ள இடம்வரைதான் வரும். தீவுக்கும் மலைக்கும் வராது. எனவே, ஏரித் தீவில் வாழும் குடும்பம், நாள் நெருங்கும் முன்பே கரையிலுள்ள உறவினர் வீட்டிற்கோ மருத்துவமனை அருகிற்கோ பெண்ணை அழைத்து வந்துவிடுவதே சிறந்தது. மலைப் பகுதிகளின் கருவுற்ற பெண்கள் முன்னதாகவே வந்து தங்குவதற்கென்று தமிழகத்தின் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் அமைந்ததும் இந்த நோக்கத்தோடுதான்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் நாட்டின் நெடுநாள் மரபு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்தகத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். தடா போன்ற எல்லையூரில் இதனால் வேறொரு சிக்கலும் எழுகிறது. ஆந்திரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் கும்மிடிப்பூண்டியிலோ பொன்னேரியிலோ உள்ள தாய் வீட்டிற்குப் போகிறாள். தமிழகத்தில் வாழ்க்கைப்பட்டவள் சூலூர்பேட்டைப் பக்கம் வருகிறாள். ஆறு ஏழு மாதங்களாகப் பரிசோதித்த மருத்துவர் ஒருவர். பிரசவம் பார்ப்பவர் வேறொருவர். தாய் சேய் நல அட்டையும் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகளும் அவளோடு செல்லாவிட்டால், அவளுக்கு இரத்த அழுத்தம் இருந்ததா, இரத்தப் பிரிவு எது என்பதைப் புதிய மருத்துவர் அறிய வழியில்லை. அட்டை தெலுங்கில் இருந்தால் என்ன, தமிழில் இருந்தால் என்ன? அதிலுள்ள எண்கள் எல்லா மருத்துவருக்கும் விளங்கும். சீர்வரிசைத் தட்டுகளோடு அந்த அட்டையையும் எடுத்துவைக்க மறக்கலாகாது. சென்ற இடத்தில் உடனே பதிவு செய்துகொள்வதும் வேண்டும்.

வளைகாப்பு நாள் இரு குடும்பங்களும் கூடும் நாள். வளையல் அணிவித்து, கலந்த சாதம் பரிமாறி முடித்த பின், கால் மணி நேரம் அமர்ந்து நான்கு முடிவுகளை எடுக்கலாம்: பிரசவம் எந்த மருத்துவமனையில்; வண்டிக்கு யாரை அழைப்பது; உடன் செல்பவர் யார்; தேவைப்பட்டால் இரத்தம் தரக்கூடிய இருவர் யார். அன்றைய ஆசிகளில் மிகப் பயனுள்ள ஆசி இதுவாக இருக்கும்.

மூன்றாம் தாமதம்: கைகள்

மருத்துவமனையை அடைந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. 1840களில் வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பணிபுரிந்த முதல் பிரிவில் தாய்மார்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் காய்ச்சல் கண்டு இறந்தனர். மருத்துவச்சிகள் பணிபுரிந்த இரண்டாம் பிரிவிலோ நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். இதன் காரணத்தை ஆராய்ந்தவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர். சடலங்களை ஆய்வு செய்த கைகளோடு மாணவர்கள் நேராகப் பிரசவ அறைக்கு வருவதை அவர் கண்டார். 1847இல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளைக் கழுவிய பின்னரே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். 1848ஆம் ஆண்டில் முதல் பிரிவின் மரணம் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. ஆயினும் அக்கால மருத்துவர்களில் பலர் அவரை ஏற்க மறுத்தனர். தங்கள் கைகளே மரணத்தைச் சுமந்து சென்றன என்பதை ஒப்புக்கொள்ள அவர்களின் மனம் இடந்தரவில்லை.

தூய்மையை உடலுக்கும் உள்ளத்துக்கும் உரிய ஒழுக்கமாகப் போற்றும் சமயம் நம்முடையது. அத்தூய்மை பிரசவ அறையில் உயிர்காக்கும் மருந்தாகிறது. தூய கை, தூய இடம், தூய கத்தி, தூய நூல், எதுவும் பூசப்படாத தூய தொப்புள்கொடி ஆகிய ஐந்தையும் செவிலியர் பயிற்சியில் கற்பிக்கின்றனர். முற்காலத்தில் தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியால் அறுத்து, சாணமோ சாம்பலோ வைத்ததால் பச்சிளங்குழந்தைகள் இரணஜன்னி கண்டு சில நாள்களில் மடிந்தன. தாய்க்குத் தடுப்பூசியும் குழந்தைக்குத் தூய பிரசவமும் பரவலான பின், இந்நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதொழிந்த நாடாக இந்தியா 2015இல் உறுதிசெய்யப்பட்டது. அதைக் காத்துக்கொள்வது ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாகச் செய்ய வேண்டிய பணி.

முதல் ஒரு மணி நேரம்

பிறந்த குழந்தையை உடனே உலர்ந்த தூய துணியால் துடைத்து, தாயின் மார்பில் உடலோடு உடல் படுமாறு கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தாயின் உடற்சூடே குழந்தைக்கு ஏற்ற சூடு. தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் கழித்து அறுத்தால், நஞ்சுக்கொடியிலுள்ள குருதி குழந்தைக்குச் சேர்ந்து பின்னாளில் இரத்தசோகையைத் தடுக்கிறது. குழந்தை அழவில்லை, மூச்சு விடவில்லை என்றால் மட்டும் தாமதமின்றி மூச்சுக்கு உதவ வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்றவர் அருகிலிருப்பது அவசியம். வீட்டிலேயே பிரசவிப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டத் தொடங்க வேண்டும். முதல் நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் சிறிது, ஆற்றலில் பெரிது. நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில் செறிந்துள்ளன. அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவது, குழந்தைக்கு இயற்கை அளித்த முதல் தடுப்பு மருந்தைக் கொட்டுவதாகும். மேற்கூறிய தேசிய ஆய்வில், முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 42 பேர் அளவிலேயே இருந்தனர். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு நழுவியிருக்கிறது.

குடும்பத்தில் நற்குணமுடைய பெரியவர் ஒருவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுக் குழந்தையின் நாவில் வைக்கும் சேனை வழக்கம் தமிழகத்தில் பரவலாக உள்ளது. தம் குணம் குழந்தைக்கு வரட்டும் என்னும் நல்லெண்ணம் அதன் பின்னே இருக்கிறது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன், கடும் நச்சு நோயை உண்டாக்கக் கூடும். சர்க்கரைத் தண்ணீரோ பால் குடிக்கும் ஆர்வத்தைக் குறைத்துக் கிருமியையும் சேர்க்கும். அந்தப் பெரியவர் குழந்தையின் தலையில் கைவைத்து ஆசி கூறட்டும். பெயர் சொல்லி அழைக்கட்டும். எண்ணம் நிறைவேறும், தீங்கும் நேராது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே உணவு, தண்ணீர்கூடத் தேவையில்லை.

முதல் நாற்பது நாள்கள்

உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்திற்குள் உயிரிழந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இத்துயரை மருத்துவமனையால்தான் குறைக்க முடியும் என்று எண்ணப்பட்ட காலத்தில், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் மாற்று வழி கண்டனர். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்து, வீடு வீடாகச் சென்று பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கச் செய்தனர். குழந்தையின் எடையைப் பார்ப்பது, வெதுவெதுப்பாக வைப்பது, பால் புகட்ட உதவுவது, நோயின் முதல் அறிகுறியைக் கண்டுபிடித்து மருந்து தருவது ஆகியவையே அவர்களின் பணி. ஒப்பிடப்பட்ட பிற கிராமங்களை நோக்க, பச்சிளங்குழந்தை மரணம் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 1999இல் வெளியான இந்த ஆய்வு பல நாடுகளின் கொள்கையை மாற்றியது. ஆஷா பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டிற்கு வந்து பார்க்கும் இன்றைய முறைக்கு வித்திட்டதும் இதுவே. அவர்கள் வரும்போது, ‘குழந்தை தூங்குகிறது, பிறகு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பாமல், உடைகளைத் தளர்த்தி முழுமையாகப் பார்க்கச் செய்வதே அறிவுடைமை.

எடை குறைந்த குழந்தைக்குத் தாயின் மார்பே சிறந்த தொட்டில். கொலம்பியாவின் போகோட்டா நகரில், 1978இல், கருவிகள் போதாத நிலையில் எட்கர் ரே என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு முறை என்று பெயர் பெற்ற அது இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கினால் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டனர். தாய் களைத்திருக்கும்போது தந்தையோ பாட்டியோ அவ்வாறே அணைத்து வைத்திருக்கலாம்.

பச்சிளங்குழந்தையைப் பேணுவதில் விலக்க வேண்டியவை சில உள. முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டலாகாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும் நுரையீரலுக்குக் கேடு. சாம்பிராணிப் புகை குழந்தையின் மூச்சுக்குழலைத் தாக்கும். கண்ணுக்குள் மை தீட்டலாகாது. தொப்புளில் எதையும் தடவாமல் உலர விடுவதே போதும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், வலிப்பு, நிமிடத்திற்கு 60 முறைக்கு மேல் மூச்சு விடுதல், மார்பு உள்வாங்குதல், உடல் சுடுதல் அல்லது சில்லிட்டுப் போதல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே, அந்நேரமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பச்சிளங்குழந்தையின் நோய் நாள்கணக்கில் முற்றுவதில்லை, மணிக்கணக்கில் முற்றுகிறது.

தாயின் உடலும் மனமும்

குழந்தை பிறந்ததும் எல்லார் கண்களும் தொட்டிலை நோக்கித் திரும்புகின்றன, தாய் மறக்கப்படுகிறாள். ஆனால் பெரும் உதிரப்போக்கு முதல் 24 மணி நேரத்திலேயே மிகுதியாக நேர்கிறது. துணிகள் விரைந்து நனைந்தாலும், தலைசுற்றல், காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் ஆகியவை கண்டாலும் உடனே மருத்துவ உதவி வேண்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறிகளையும் குறைப்பது பால் கொடுப்பவளுக்குப் பொருந்தாது. பூண்டும் சுக்கும் சேர்த்த பேறுகால மருந்தோடு, வயிறார உணவும் வேண்டிய அளவு தண்ணீரும் அவளுக்குத் தேவை. அடுத்த கருவுறுதலுக்கு இரண்டு ஆண்டுகளேனும் இடைவெளி வேண்டும்.

முதல் சில நாள்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பல தாய்மார்களுக்கு இயல்பு. இரண்டு வாரத்திற்கு மேலும் சோர்வு நீங்காமல், உறக்கமும் பசியும் இன்றி, குழந்தையிடம் பற்று ஏற்படாமல், தான் இருந்து பயனில்லை என்று பேசத் தொடங்கினால் அது நோய். நோய்க்கு மருந்து உண்டு. பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துச் செல்வதும், ‘நல்ல பிள்ளை பிறந்திருக்கிறது, உனக்கென்ன குறை’ என்று கடிவதும் அவளை மேலும் தனிமைப்படுத்தும். மனநல உதவிக்கென 2022இல் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பிறந்தது பெண் என்பதற்காக முகம் வாடும் வீடுகளில் இந்நோய்க்கு இடம் அதிகம். நவராத்திரியில் அன்னையைப் பூசிக்கும் இல்லம், பிறந்த பெண்ணை வாடிய முகத்தோடு வரவேற்பது வழிபாட்டுக்கே முரண்.

நேர்த்திக்கடனும் பரிசோதனையும்

மருத்துவமனைக்குச் செல்வது இறைநம்பிக்கைக் குறைவாகுமா என்று சில நல்ல உள்ளங்களுக்கு ஐயம் எழுவதுண்டு. தாயுமானவர் வரலாறே இதற்கு விடை. இரத்தினாவதியின் பிரார்த்தனைக்கு இறைவன் செவிசாய்த்தபோது, பேறு பார்க்கும் தாயாகவே வந்தார். அருகிருந்து, கைகளால் பணிவிடை செய்தார். இன்று அப்பணிவிடை செவிலியர் கைகள் வழியாகவும், மருத்துவர் அறிவு வழியாகவும், நள்ளிரவில் வண்டி ஓட்டுபவர் வழியாகவும், ஏரியில் படகைத் தள்ளுபவர் வழியாகவும் வருகிறது. வாழைத்தார் நேர்ந்துகொள்பவர் பரிசோதனைக்கும் செல்லட்டும். திருக்கருகாவூரில் கருக்காத்த நாயகியின் சந்நிதியில் நெய்ப் பிரசாதம் பெறுபவர் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாது உட்கொள்ளட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகை அன்று.

தாயைத் தெய்வமாகக் கருதும்படி தைத்திரீய உபநிடதம் கற்பிக்கிறது. அக்கட்டளை பெற்ற தாயோடு நின்றுவிடுவதன்று. மருமகள் தாயாகும்போது, அண்டை வீட்டுப் பெண் தாயாகும்போது, தொழிற்சாலையில் வேலை செய்து வாடகை அறையில் வாழும் வெளியூர்ப் பெண் தாயாகும்போது அது அவர்களுக்கும் உரியதாகிறது. தடாவை அடுத்த ஸ்ரீ சிட்டி தொழில் நகரில் பிறந்தகத்தைவிட்டு வெகுதூரம் வந்து உழைக்கும் இளம்பெண்கள் பலர். அவர்களுள் ஒருத்திக்கு வலி காணும் இரவில் அவளுடைய தாய் தொலைவில் இருக்கக் கூடும். கதவைத் தட்டினால் திறக்கும் ஓர் அண்டை வீடு அவளுக்கு இருக்க வேண்டும்.

சிந்தனைக்கும் செயலுக்கும்

1. இல்லத்திலோ அண்டையிலோ கருவுற்ற பெண் இருப்பின், அவள் எத்தனை முறை பரிசோதனைக்குச் சென்றாள்? அவளுடைய ஹீமோகுளோபின் அளவு கணவருக்குத் தெரியுமா?

2. ஆபத்தின் அறிகுறிகள் தோன்றும்போது வீட்டின் தலைவர் வெளியூரில் இருந்தால், புறப்படுவதென்று தீர்மானிப்பவர் யார்? அதை இன்றே பேசி முடிவு செய்தாயிற்றா?

3. பிறந்த குழந்தைக்குச் செய்யும் குடும்ப வழக்கங்களைப் பட்டியலிட்டு, எவை ஆசியாக நிற்பவை, எவை உடலுக்குத் தீங்கானவை என்று பிரித்துப் பார்க்கவும்.

4. வழிபாட்டுக் குழுவினர் ஒவ்வோர் ஊரிலும் இரத்தப் பிரிவோடு கூடிய கொடையாளர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கொடுத்துவைக்கலாம்.

5. பிறந்தகத்தின் துணையின்றிப் பேறுகாலத்தை எதிர்நோக்கும் பெண் அருகில் இருக்கிறாளா? இருப்பின், அவளை இந்த வாரமே சென்று பார்த்து, இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து வரவும்.